பசையே இல்லாம மாட்டுற மாடல் கிட்: நீங்க செய்யுறத பாத்து யார் என்ன சொன்னாங்க?

எல்லாருக்கும் வணக்கம், கடலூர் தேவனாம்பட்டினத்துலேர்ந்து எழுதுறேன். இந்த ஸ்னாப் ஃபிட் பிளாஸ்டிக் கிட், அதான் துண்டு துண்டா வர்ற பார்ட்ஸ அமுக்கி மாட்டி ரோபோ, விமானம்னு செய்யுற செட்டு, செய்ய ஆரம்பிச்சு மூணு வருஷத்துக்கு மேல ஆவுது. எப்படி செய்யுறதுன்னு சொல்லிக்குடுக்க நெறைய பேர் இருக்காங்க, நான் கேக்க வந்தது வேற. நீங்க உக்காந்து மாட்டிகிட்டு இருக்கும்போது பக்கத்துல வந்து நின்னு பாத்தவங்க யாராச்சும் ஏதாவது சொல்லி, அதுக்கப்புறம் அந்த கிட்ட நீங்க பாக்குற விதமே மாறியிருக்கா? எனக்கு மாறுச்சு. மொதல்ல நானே சொல்றேன், கொஞ்சம் பெருசா போவும், பொறுமையா படிங்க.

என் மொத கிட் ஜப்பான் கார்ட்டூன்ல வர்ற கண்டம் (Gundam) ரோபோ, ஆர்எக்ஸ்-78-2, 1/144 ஸ்கேல், அதாவது கதைல வர்ற அளவுல 144ல ஒரு பங்கு. என்ட்ரி கிரேடு, புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கான வகை. வெட்டுற நிப்பர் கூட வேணாம், கையால திருகுனா ரன்னர்லேர்ந்து, அதான் பார்ட்ஸ் ஒட்டிகிட்டு வர்ற பிளாஸ்டிக் சட்டத்துலேர்ந்து, பார்ட் கழண்டு வந்துடும். அன்னைக்கு மழை, கரண்டும் இல்ல, வீட்டுக்குள்ள ஒரே இருட்டு. எங்க வீட்டுக்கு அடுத்தாப்புல மீன்புடி ஃபைபர் போட்டு (படகு) செய்யுற கொட்டகை ஒண்ணு இருக்கு, மூணு பக்கமும் தொறப்பு, வெளிச்சம் நல்லா வரும்னு கிட்ட தூக்கிகிட்டு அங்க போயி ஒரு டிரம்ம கவுத்து வெச்சு அது மேல பார்ட்ஸ பரப்பிகிட்டு உக்காந்தேன். அங்க வேல செய்யுற அண்ணன் இருபது வருஷத்துக்கு மேல போட்டு எறக்குறவரு. மழைல வேல நின்னுபோச்சு, சும்மா வந்து நின்னாரு.

எடுத்த எடுப்புல ரோபோவ பத்தி எதுவும் கேக்கல. காலி ரன்னர எடுத்து வெளிச்சத்துல திருப்பித் திருப்பி பாத்தாரு, அப்புறம் கை பார்ட்ட எடுத்து அதுமேல நெகத்த வெச்சு ஒரு இழு இழுத்தாரு. "இந்தா, இங்க கோடு ஓடுது பாரு, இதான் ரெண்டு அச்சு சேர்ற எடம், நம்ம போட்டுல ஏரா மேல வருதே, அதே கோடு." ஏரான்னா படகோட அடில நீளமா ஓடுற முதுகெலும்பு மாதிரி பாகம். நான் எத்தனையோ வீடியோல மோல்டு லைன், மோல்டு லைன்னு கேட்டிருக்கேன், அது ரெண்டு இரும்பு அச்சு ஒண்ணோட ஒண்ணு வந்து மூடிக்கிற எடம்னு மனசுல படமா விழுந்தது அன்னைக்குதான்.

உள்பக்கம் வட்டம் வட்டமா இருக்கே, அது என்னன்னு கேட்டாரு. அச்சு தொறந்ததும் பார்ட்ட வெளிய தள்ளுறதுக்கு உள்ளேர்ந்து பின் வரும், அந்த பின்னோட தடம் அதுன்னேன். அவரு கொஞ்ச நேரம் பேசல. "நாங்க அச்சுக்கும் போட்டுக்கும் நடுவுல தண்ணிய வுட்டு, ஆப்பு வெச்சு, தட்டித் தட்டி ஒரு நாளெல்லாம் எடுக்குறோம்டா. இவன் அச்சுக்குள்ளயே ஆளு வெச்சு தள்ளிட்டான்"ன்னாரு. அப்புறம் இன்னொண்ணு கேட்டாரு பாருங்க, இதுக்கு மெழுகு போடுவாங்களான்னு. ஃபைபர் போட்டுக்கு அச்சுல மொதல்ல மெழுகு தேய்ச்சாதான் போட்டு ஒட்டாம வரும். நம்ம கிட்லயும் அச்சுலேர்ந்து சுளுவா வர்றதுக்கு எண்ணெ மாதிரி ஏதாவது அடிச்சிருந்தா அது பார்ட் மேல தங்கிடும், பெயின்ட் பிடிக்காது, அதனாலதான் பெயின்ட்டுக்கு முன்னாடி சோப்புத்தண்ணில கழுவச் சொல்றாங்க. ஏன் கழுவுறோம்னு தெரியாமயே கழுவிகிட்டு இருந்தேன் நான்.

பசை எங்கடான்னு கேட்டாரு. இல்லண்ணே, இந்த முளை அந்த ஓட்டைய விட துளியூண்டு தடிமன், அமுக்குனா பிளாஸ்டிக் கொஞ்சம் வளைஞ்சு குடுத்து இறுக்கிப் புடிச்சுக்கும்னு சொல்லி ஒண்ண அமுக்கிக் காட்டுனேன், டக்குனு சத்தம் வந்துச்சு. கழட்டச் சொன்னாரு, கழட்டுனேன், அவரே வாங்கி மாட்டுனாரு, மறுபடி கழட்டி மாட்டுனாரு. "எங்கப்பன் காலத்து கட்டுமரத்துல ஆணியே கெடையாது, கயிறுதான், கரைக்கு வந்ததும் கட்ட அவுத்து மரத்த தனித்தனியா காய வெப்பாங்க"ன்னாரு.

பசை போட்டு ஒட்டி, இடுக்கெல்லாம் புட்டி வெச்சு செய்யுறவங்க சில பேரு ஸ்னாப் கிட்னாலே கொழந்தைங்க சமாச்சாரம்னு தள்ளி வெச்சிடுறாங்க, அத கேட்டு கேட்டு எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு கூச்சம் இருந்துச்சு. அன்னைக்கு போயிடுச்சு. பசை கிட்ல ரெண்டு பார்ட் சரியா சேரலைன்னா புட்டி வெச்சு நெரவிக்கலாம். ஸ்னாப் கிட்ல முளை முடியளவு சிறுத்தா கழண்டு விழும், முடியளவு பெருத்தா ஓட்டை விரிசல் விடும், அதனால மொத்த பொறுப்பும் அச்சு வெட்டுனவன் தலைல. 1980 ஜூலைல ஜப்பான் கம்பெனி பண்டாய் மொத கண்டம் கிட்ட 300 யென்னுக்கு விட்டப்ப அதுவும் பசை கிட்டுதான், என்ட்ரி கிரேடு கண்டம் வந்தது 2020ல. நடுவுல 40 வருஷம், அச்சு செய்யுறவங்க கத்துகிட்டதெல்லாம் அந்த டக்குங்கற சத்தத்துல இருக்கு.

ஒரு வருத்தமும் நடந்துச்சு. முடிச்ச ரோபோவ அவரு பாக்கணும்னு கொட்டகை அலமாரிலயே வெச்சுட்டு வந்தேன். மறுநாள் அவரு படகுக்கு மேட்டு (கண்ணாடி நார் விரிப்பு) விரிச்சு அதுமேல ரெசின் தடவும்போது பிரஷ்லேர்ந்து ரெண்டு சொட்டு ஷீல்டு மேல தெறிச்சிருக்கு, சாயங்காலம் பாத்தா அந்த எடம் கொழகொழன்னு குழி விழுந்து கெடக்கு. மனுசன் பதறிட்டாரு. எனக்கு காரணம் தெரிஞ்சதால சொன்னேன், இது பாலிஸ்டைரீன் அண்ணே, தெர்மாகோலும் அதே பாலிஸ்டைரீன்தான், காத்தடைச்சு ஊத வெச்சது, உங்க ரெசின்ல இருக்குற ஸ்டைரீன் ரெண்டையும் கரைக்கும். "தெர்மாகோல ரெசின் தின்னுடும்னு எனக்கு தெரியாதா, ரெண்டும் ஒரே வகையறான்னு மொதல்லயே சொல்லக்கூடாதா"ன்னு கேட்டாரு. அந்த ஷீல்ட இன்னும் மாத்தல, அப்படியே வெச்சிருக்கேன்.

நீங்க சொல்லுங்க.

* * *

தம்பி, நான் புதுச்சேரி லாஸ்பேட்டை. நீங்க அச்சுன்னு எழுதுனத படிச்சதும் எனக்கு வண்டிப்பாளையம் ஞாபகம் வந்துடுச்சு.

எங்க வீட்ல வருஷா வருஷம் கொலு வெப்போம், படிக்கு கீழ பார்க் போடுறது பையன் வேல. ஏர்போர்ட் இங்கயே இருக்கறதால மொட்டமாடிலேர்ந்து விமானம் எறங்குறத பாத்து வளந்தவன், அதனால பார்க்லயும் அவனுக்கு ரன்வே வேணும். ஒரு வருஷம் ரெவெல் கம்பெனியோட ஈஸி கிட், அதுவும் பசை இல்லாம மாட்டுறதுதான், ஏர்பஸ் ஏ380 கேட்டான், வாங்கிக் குடுத்தோம், 1/288 ஸ்கேல்தான், ஆனா றெக்கைக்கு றெக்கை கிட்டத்தட்ட 28 சென்டிமீட்டர் வருது, செட்டியார் பொம்மைக்கு நிழல் குடுத்துகிட்டு நிக்குது.

புது பொம்மை வாங்க கடலூர் வண்டிப்பாளையம் போனப்ப அந்த விமானத்தையும் விடாம மடில வெச்சிகிட்டு வந்தான். அங்க பொம்மை செய்யுற ஒரு அம்மா அத வாங்கிப் பாத்தாங்க, முதுகுல நீளமா ஓடுற இணைப்ப தடவிப் பாத்துட்டு, "உன்னுதும் முன்னுக்கு ஒண்ணு பின்னுக்கு ஒண்ணுதானா"ன்னு சிரிச்சாங்க. அவங்க பொம்மையும் அப்படித்தான், ரெண்டு பாதி அச்சு, ரெண்டையும் சேத்து, ஈரத்துணியால சேர்ற எடத்த வழிச்சு, காய வெச்சு, தேய்ச்சு, வெள்ளை அடிச்சு, அப்புறம்தான் கலரு. இந்த கோட்ட யாரு தேய்ச்சதுன்னு கேட்டாங்க, இவன் நாந்தான், உப்புத்தாள் 400, அப்புறம் 800, அப்புறம் 1000னு பெருமையா சொன்னான். அவங்க விமானத்த சாய்ச்சு வெயில் பட புடிச்சு, இங்க இன்னும் மேடு இருக்கு பாருன்னு காட்டுனாங்க. நேரா புடிச்சா தெரியாது, வெளிச்சம் சாஞ்சு விழணும், அப்பதான் மேடு பள்ளம் நெழல் காட்டும்னாங்க. வீட்டுக்கு வந்து டேபிள் லைட்ட தரையோட தரையா எறக்கி வெச்சுதான் இப்பல்லாம் தேய்க்கிறான். வெள்ளை அடிக்காம கலர் அடிக்காதன்னும் சொல்லி அனுப்புனாங்க. நாம பிரைமர்னு சொல்றதுதானே தம்பி அது?

* * *

ஆமாக்கா அதேதான். நான் புதுச்சேரி முத்தியால்பேட்டை, காலேஜ் படிக்கிறேன். என்னுது சின்ன அனுபவம்தான். ஆன்லைன்ல ஒரு எச்ஜி (ஹை கிரேடு) கண்டம் கிட் ஆர்டர் போட்டேன், பாக்ஸ் நசுங்கி வந்துச்சு, உள்ள தலைல இருக்குற ஆன்டெனா ரெண்டா ஒடஞ்சு கெடக்கு, வித்தவங்க பதிலே போடல, ரெண்டு நாள் சோறு எறங்கல எனக்கு. அப்புறம் காலி ரன்னர மெழுகுவத்தி மேல காட்டி இழுத்தா கம்பி மாதிரி வரும்னு படிச்சு, ஜன்னல தொறந்து வெச்சுகிட்டு இழுத்துப் பாத்தேன், ஒண்ணு டக்குனு அறுந்துடும் இல்லன்னா தீ புடிச்சுக்கும். எங்க ஆயா பின்னாடி நின்னு பாத்துகிட்டே இருந்துச்சு. "நெருப்புல வெச்சுகிட்டே இழுக்காத, வெளிய எடு, பளபளன்னு தொய்யும் பாரு, இப்ப இழு, கம்பிப் பதம்"னுச்சு. பொங்கலுக்கும் தீவாளிக்கும் வெல்லப்பாகு காச்சுற கை. ஆயா சொன்ன நொடில இழுத்தேன், ஒரே சீரா ஒரு முழத்துக்கு வந்துச்சு, அதுல வெட்டுனதுதான் இப்ப தலைல நிக்குது.

காந்தி சிலைக்கு கூட்டிட்டுப் போயி கதைப்படி இந்த ரோபோ 18 மீட்டர் ஆயா, இந்த சிலை மாதிரி நாலு ஒண்ணு மேல ஒண்ணு நின்னாலும் எட்டாதுன்னு சொன்னேன், அண்ணாந்து பாத்துட்டு "அவ்ளோ ஒசரத்துக்கா நான் கம்பி இழுத்தேன்"னு கேட்டுச்சு.

டவுட் ரெண்டு இருக்கு அண்ணா. கேட், அதான் பார்ட்டும் ரன்னரும் ஒட்டியிருக்குற எடம், அத வெட்டுனா வெள்ளையா போயிடுது, அதுக்கு என்ன பண்றது? கடல் பக்கம் வீடு, நிப்பர் துரு புடிக்குது. ம், மூணு. நவம்பர்ல மேட் டாப் கோட், அதான் பளபளப்ப கொறைக்க கடைசியா அடிக்கிற ஸ்ப்ரே, அடிச்சேன், சாம்பல் பூத்த மாதிரி ஆயிடுச்சு.

* * *

வணக்கம். திருப்பாப்புலியூர். ரிட்டையர் ஆகி அஞ்சு வருஷம். கை லேசா நடுங்கும், அதனால பசை கிட் எனக்கு ஆகாது, ஒரு சொட்டு தப்பா போனா போனதுதான். இதுல தப்பா மாட்டுனா கழட்டிக்கலாம். முளைய நுனில சாய்வா கொஞ்சம் வெட்டிவிட்டா கழட்டுறது இன்னும் சுலபம், ரொம்ப வெட்டிடாதீங்க, புடிமானம் போயிடும். 1/72 விமானம்தான் செய்யுறேன், ஆறடி மனுசன் அதுல சரியா ஒரு இஞ்ச், அந்த கணக்கு எனக்கு புடிக்கும். பார்ட்ஸ் உருண்டு ஓடுறத பாத்துட்டு வீட்டுக்காரம்மா பழைய அஞ்சறைப் பெட்டிய கழுவிக் குடுத்தாங்க. கடுகு கிண்ணத்துல சக்கரம், மஞ்சத்தூள் கிண்ணத்துல கண்ணாடி பார்ட்ஸ். இப்ப நம்பர படிச்சு எடுத்துக் குடுக்குறது அவங்கதான், எனக்கு அந்த சின்ன நம்பர் தெரியறதில்ல.

* * *

தேவனாம்பட்டினம்தான் மறுபடியும். சார், அஞ்சறைப் பெட்டி ஐடியாவ இன்னைக்கே எடுத்துக்குறேன். அக்கா, சாஞ்ச வெளிச்சத்துல பாத்தேன், முடிஞ்சிடுச்சுன்னு எடுத்து வெச்ச ரெண்டு மாடல்ல மேடு தெரியுது, மறுபடி தேய்க்கணும்.

முத்தியால்பேட்டை தம்பிக்கு: ஒரே வெட்டுல ஒட்ட வெட்டாத. மொதல்ல பார்ட்லேர்ந்து தள்ளி வெட்டு, ரெண்டாவது கிட்ட வெட்டு, கடைசி துளிய உப்புத்தாள்ல எடு. ஒட்ட வெட்டும்போது பிளாஸ்டிக் நசுங்குறதுதான் அந்த வெள்ளை. நிப்பர வேல முடிஞ்சதும் துடைச்சு தையல் மிஷின் எண்ணெ ஒரு சொட்டு விட்டு டப்பால மூடி வை, தேங்கா எண்ணெ வேணாம், பிசுபிசுன்னு ஆயிடும். டாப் கோட்டு சாம்பல் பூத்தது காத்துல இருக்குற ஈரத்தால. நம்ம ஊர்ல ஐப்பசி கார்த்திகைல ஸ்ப்ரேய தொடவே தொடாத, பொங்கல் தாண்டி, காலைல பனி விட்டு வெயில் ஏறுனப்புறம் அடி.

இன்னொண்ணு சொல்லணும், நேத்துதான் நடந்துச்சு. அன்னைக்கு மழைல அண்ணன் ஒரு கணக்கு கேட்டாரு, இந்த ரோபோ அளவுக்கு நம்ம 32 அடி போட்டு எவ்ளோ இருக்கும்னு. ஃபோன்ல போட்டுப் பாத்து 6.8 சென்டிமீட்டர் அண்ணே, சுட்டுவெரல் நீளம்னு சொன்னேன், ம்னு கேட்டுகிட்டு போயிட்டாரு, நானும் மறந்துட்டேன். நேத்து சாயங்காலம் வீட்டு வாசல்ல வந்து நின்னு தினத்தாள் மடிப்பு ஒண்ண குடுத்தாரு. பிரிச்சா ஒரு குட்டி போட்டு. களிமண்ணுல உருவம் புடிச்சு, அதுல அச்சு எடுத்து, மெழுகு தேய்ச்சு, மேல்பூச்சுக்கு நீல ஜெல்கோட்டு தடவி, நார் மேட்ட நூலு நூலா பிரிச்சு வெச்சு செஞ்சிருக்காரு, அணியம், அதான் படகோட முன்பக்கம், நல்லா தூக்கலா, அடில ஏரா கோடு கூட இருக்கு. ஸ்கேல் வெச்சு அளந்தேன், ஏழு சென்டிமீட்டருக்கு ஒரு துளி கம்மி.

கண்டம் பக்கத்துல வெக்கலாமா அண்ணேன்னு கேட்டேன். "பத்து நாளு காய வுட்டுட்டுதான் எடுத்தாந்தேன், இனிமே ஒண்ணும் பண்ணாது, ஒட்டியே வையி"ன்னாரு.