சர்வீஸ் சென்டரா, சொந்தக் கையா? 2018 ஸ்விஃப்ட் பெட்ரோலை வைத்து ஒரு வழக்கு

பதினாலு_ஸ்பேனர்:
2018 ஸ்விஃப்ட் 1.2 பெட்ரோல், வாரன்டி முடிஞ்ச வண்டின்னு வெச்சுக்குவோம். ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், முன் பிரேக் பேட். இந்த அஞ்சையும் வீட்டுலயே செய்யலாம்ங்கிறது என் கட்சி. ஏசி ஃபில்டர் டேஷ்போர்டுல குளோவ் பாக்ஸுக்குப் பின்னாடிதான் உக்காந்திருக்கு. அதை மாத்த லேபர் சார்ஜ் கொடுக்கிறது வாழைப்பழத்தை உரிக்கக் கூலி கொடுக்கிற மாதிரி.

கிரீஸ்கை:
ஏசி ஃபில்டர்ல சண்டையே இல்ல. ஆயிலுக்கு வாங்க. டிக்கில வர்ற ஜாக்கி டயர் மாத்த மட்டும்தான். அதை நம்பி வண்டிக்கு அடியில தலையை விடக்கூடாது. தூக்கின வண்டியைத் தாங்கி நிறுத்துற ஆக்சில் ஸ்டாண்ட் ஒரு ஜோடி, ஆயில் பிடிக்க டிரே, எவ்வளவு பலத்துல முறுக்குறோம்னு காட்டுற டார்க் ரென்ச் எல்லாம் வாங்கணும். வருஷத்துக்கு ஒருமுறை ஆயில் மாத்துறவருக்கு அந்தக் காசு எப்போ திரும்பும்? கழிச்ச மூணு லிட்டர் ஆயிலை எங்க ஊத்துவீங்க, சாக்கடையிலயா?

பதினாலு_ஸ்பேனர்:
சாக்கடையில ஊத்துறவன் ஸ்பேனரையே தொடக்கூடாது. புது ஆயில் வந்த கேன்லயே பழசை அடைச்சு, ரீசைக்கிள் பண்றவங்களுக்கு ஆயில் கொடுக்கிற ஒர்க்‌ஷாப்ல சேர்க்கணும்.

வேலை இவ்வளவுதான். இன்ஜின் இளஞ்சூடா இருக்கும்போது, அடியில ஆயில் வடிக்கிற டிரெய்ன் போல்ட்டைக் கழட்டணும். கொதிக்கிற சூட்டுல தொட்டா கை வெந்துடும். வடிஞ்சதும் புது வாஷர் போட்டு 35 நியூட்டன் மீட்டர்ல முறுக்கணும். புது ஃபில்டரோட ரப்பர் வளையத்துல ஆயில் தடவி, வளையம் தொட்டதுக்கு அப்புறம் முக்கால் சுத்து. ஃபில்டரோட சேர்த்து 3.1 லிட்டர் பிடிக்கும். முதல்ல மூணு ஊத்தி, இன்ஜினை ஒரு நிமிஷம் ஓட விட்டு நிறுத்தி, அஞ்சு நிமிஷம் கழிச்சு ஆயில் அளவு காட்டுற டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்க. மிச்சத்தைக் கொஞ்சங்கொஞ்சமா.

கிரீஸ்கை:
முக்கியமானதை விட்டுட்டீங்க. பழைய ஃபில்டர் கழண்டு வரும்போது அதோட ரப்பர் வளையம் சில நேரம் இன்ஜின்லயே ஒட்டிக்கும். கறுப்பு மேல கறுப்பு, கண்ணுக்குத் தெரியாது. விரலால தடவித்தான் பார்க்கணும். பார்க்காம புதுசை ஏத்தினா வளையத்து மேல வளையம். ஐடில்ல ஒழுகாது. ரோட்ல ஆக்சிலரேட்டர் மிதிச்சு பிரஷர் ஏறினதும் பிதுங்கி, மொத்த ஆயிலும் வெளியே. ஆயில் லைட் எரியும்போது நிறுத்தலேன்னா பேரிங் போச்சு.

டிரெய்ன் போல்ட்டும் அப்படித்தான். 'இன்னும் கொஞ்சம் இறுக்கிடுவோம்'னு கைக்கணக்குல முறுக்கினா மரை போயிடும். 35 அவ்வளவு பெரிய பலமே இல்ல.

பதினாலு_ஸ்பேனர்:
ஒத்துக்கறேன். ஆனா அவசரத்துல இருக்கிற சர்வீஸ் பையனும் அதே தப்பைப் பண்ணுவான். அவன் விரலால தடவினானான்னு பார்க்க, வேலை நடக்கிற இடத்துக்குள்ள போக நமக்கு அனுமதி கிடையாது.

விதிப்புத்தகம்:
இந்த வண்டிக்கு வாரன்டி முடிந்துவிட்டது, ஆனால் வாரன்டி இன்னும் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளியே கை வைத்தால் மொத்த வாரன்டியும் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544.65 கோடி ரூபாய் அபராதம் போட்ட உத்தரவில், தனி மெக்கானிக்கிடம் போனதற்காகவே வாரன்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக்கூடாது, அந்த வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்றது. மேல்முறையீடு வரை போன வழக்கு. ஆனால் அது மெக்கானிக்கைப் பற்றியது. நீங்களே செய்ததற்கு என்ன சாட்சி? பில், கிலோமீட்டர், தேதி மூன்றையும் எடுத்து வையுங்கள்.

கிரீஸ்கை:
சரி, பிரேக் பேட். இங்க நான் இறங்கி வர மாட்டேன். ஆயில் தப்புன்னா இன்ஜின் போகும், பிரேக் தப்புன்னா ஆள் போவான்.

பதினாலு_ஸ்பேனர்:
பேட் மாத்துறதுல பிரேக் ஆயில் லைனையே திறக்கிறதில்ல. கீழ் பின் போல்ட்டைக் கழட்டி, பேடை டிஸ்க்ல அழுத்துற காலிப்பரைத் தூக்கினா பேட் வந்துடும். காலிப்பரை முழுசா கழட்டினா ஹோஸ்ல தொங்க விடாம கம்பியால கட்டணும். பிஸ்டனை சி-கிளாம்ப் வெச்சு மெதுவா தள்ளும்போது மேல பிரேக் ஆயில் டாங்க்ல ஆயில் ஏறும், பெயின்ட்ல வழிஞ்சா பெயின்ட் உரிஞ்சுடும். பழைய பேட் ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. உள்பேட் மட்டும் தேய்ஞ்சிருந்தா காலிப்பர் நகர்ற ஸ்லைடு பின் இறுகியிருக்கும், இல்ல பிஸ்டன் திரும்பல. பின்னைத் துடைச்சு சிலிக்கான் கிரீஸ் போடணும், சாதா கிரீஸ் போட்டா ரப்பர் உப்பிடும். சர்வீஸ்ல எத்தனை பேர் அந்தப் பின்னை உருவிப் பார்க்கிறாங்க?

கிரீஸ்கை:
நிறைய பேர் பார்க்கிறதில்லதான். அந்தப் பாயின்ட் உங்களுக்கு. ஆனா கடைசிப் படியை எழுதல பாருங்க! வண்டியை நகர்த்துறதுக்கு முன்னாடி பெடலை கெட்டியாகிற வரைக்கும் மிதிக்கணும். பிஸ்டன் உள்ளே போயிருக்கறதால முதல் மிதி தரை வரைக்கும் போகும். அதை மறந்து ரிவர்ஸ் எடுத்தா நேரா சுவர்தான். தெரிஞ்ச நீங்களே எழுத மறக்கிறீங்க, புதுசா செய்றவர்?

பதினாலு_ஸ்பேனர்:
அடி வாங்கிக்கிட்டேன். பேட் பத்தின பதிவுல சேர்த்துடறேன். பிரேக் ஆயில் மாத்துறதை மட்டும் மெக்கானிக்கிட்ட கொடுக்கத்தான் நானும் சொல்வேன். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாத்தணும், ஈரத்தை இழுக்கிற சரக்கு. பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்காம தடுக்கிற ஏபிஎஸ் யூனிட்டுக்குள்ள காத்து புகுந்தா, வண்டி கம்ப்யூட்டரோட இணைக்கிற ஸ்கேனர் இல்லாம வெளியேத்தறது பல வண்டிகள்ல முடியாது.

புதுக்கார்க்காரன்:
டிரெய்ன் போல்ட் வாஷர்னு தனியா கேட்டா கிடைக்குமா அண்ணா?

கிரீஸ்கை:
ஃபில்டர் வாங்குற கடையிலேயே கேளுங்க தம்பி. 14 மில்லிமீட்டர் போல்ட்டுக்கானது. ரெண்டா வாங்கி வைங்க, ஒண்ணு எப்படியும் டிரேல விழுந்துடும்.