தெர்மோஸ்டாட்டைக் கழட்டினேன், லைனர் ஓட்டையாச்சு

நம்ம கன்டெய்னர் வண்டி போன கோடையில ஒருதடவை கொதிச்சுது. மணலி பக்கம் ஒரு பட்டறையில, "தெர்மோஸ்டாட்டைக் கழட்டிருண்ணே, சூடே ஏறாது"ன்னாங்க. கழட்டினேன். (இன்ஜின் சூடாகிற வரைக்கும் ரேடியேட்டருக்குத் தண்ணி போகாம அடைச்சு வைக்கிற வால்வுதான் அது.) அப்புறம் சூடு காட்டுற முள்ளு பாதிக்கு ஏறவே இல்ல. சந்தோஷமா ஓட்டிக்கிட்டிருந்தேன்.

ஆறு மாசத்துல டிப்ஸ்டிக்கை உருவினா ஆயில் பால் காபி நிறம். ஆயில்ல தண்ணி கலந்திருக்கு. ஹெட் கேஸ்கட் (இன்ஜின் தலைக்கு அடியில இருக்குற அடைப்புத் தகடு) போயிருக்கும்னு நினைச்சுப் பிரிச்சோம். கேஸ்கட் நல்லாத்தான் இருந்துச்சு. லைனரை (பிஸ்டன் ஏறி இறங்குற இரும்புக் குழாய், அதைச் சுத்தி வெளிப்பக்கம் தண்ணி நிக்கும்) வெளிய எடுத்தா, தண்ணி படுற பக்கம் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியா இருக்கு. ஒண்ணு உள்ள வரைக்கும் ஊசித் துளையா போயிருந்துச்சு.

"உப்புத் தண்ணி அரிச்சிடுச்சு"ன்னேன். திருவொற்றியூர் மேஸ்திரி சிரிச்சார். "உப்புன்னா சுத்தியும்ல அரிக்கணும் நைனா? இது பிஸ்டன் தட்டுற பக்கம் மட்டும் வரிசையா இருக்கு பாரு."

பிஸ்டன் தட்டும்போது லைனர் அதிருது. சுவர் சட்டுனு பின்வாங்குற நொடியில அழுத்தம் விழுந்து தண்ணியில குமிழி கிளம்புது. அது உடையும்போது இரும்பைக் கொத்துது. சுவர் சூடா இருந்தா குமிழி சுலபமா வரும், நிஜம்தான்: தண்ணியோட ஆவி அழுத்தம் 30 டிகிரியில 0.04 பார், 80ல 0.47. ஆனா நல்ல சூட்டுல குமிழிக்குள்ள நிறைய ஆவி இருக்கும், மெத்தை மாதிரி அடியைத் தாங்கிடும். சுமார் 50-60 டிகிரியிலதான் தண்ணியில அடி பலம்.

துறைமுக வரிசையில மணிக்கணக்கா ஐடில்ல நின்ன என் இன்ஜின் அந்த அரைச் சூட்டுலயே கிடந்திருக்கு! சூடேறாத பிஸ்டனுக்கு இடைவெளி வேற அதிகம், தட்டுறதும் ஓங்கித் தட்டும். ரேடியேட்டர் மூடி ரப்பரும் போயிருந்துச்சு (அது என் தப்புதான்). மூடி பிடிக்கிற அழுத்தம்தான் குமிழியை அமுக்கி வைக்கும். ஆறு லைனரும் மாத்தியாச்சு. செலவைக் கேக்காதீங்க.

காசிமேட்டிலிருந்து: சூட்டை வச்சு குமிழியை வரவழைக்கிறது பழைய வித்தை. 1890கள்ல டர்பினியா கப்பல் வேகம் எடுக்காம நின்னப்போ, அதைக் கட்டின பார்சன்ஸ், புரொப்பல்லர்ல குமிழி கிளம்புறதைப் பார்க்க 2 அங்குல புரொப்பல்லரைக் கொதிக்கப்போற தண்ணியில சுத்தவிட்டார். ஆறின தண்ணின்னா குமிழி வர அதைவிட ரொம்ப வேகமா சுத்தணும்.

மணலி, பம்ப் ஆபரேட்டர்: எங்க வெந்நீர் பம்ப்ல சூடு ஏறினா ஜல்லி உருட்டுற சத்தம் வரும். அதுவும் குமிழிதான். உடனே டேங்க் மட்டத்தை ஏத்துவோம், அழுத்தம் கூடி சத்தம் அடங்கிடும். ஆமா, நீங்க வெறும் தண்ணிதான் ஊத்தினீங்களா?

பதிவிட்டவர்: போர்வெல் தண்ணிதாங்க. நைட்ரைட் கலந்த கூலன்ட்னா லைனர் மேல மெல்லிசா ஒரு படலம் போடுமாம். இப்போ அதைத்தான் ஊத்துறேன், தெர்மோஸ்டாட்டும் திரும்பப் போட்டாச்சு.