எங்கள் கழகத்தின் 4ஆம் இலக்கத்தை இனி யாருக்கும் கொடுக்காமல் விடலாமா?

கழகச் செயலாளர்:

எல்லோருக்கும் வணக்கம். கனடாவில் இருக்கும் எங்கள் ஊரவர் ஒருவர் கழகத்தின் உதைபந்தாட்ட அணிக்குப் புதிதாக 18 ஜேர்சி அடிக்கப் பணம் அனுப்பியிருக்கிறார். கஸ்தூரியார் வீதியில் அச்சடிப்பவர், இலக்கமும் அளவும் எழுதிய பட்டியலை வெள்ளிக்கிழமைக்குள் கேட்கிறார். 1 முதல் 18 வரை எழுதி ஒவ்வொன்றுக்கும் நேரே அளவும் போட்டுவிட்டேன். 4க்கு நேரே மட்டும் கை ஓடவில்லை. அந்த இலக்கத்தை இனி யாரும் அணியக் கூடாது என்பது என் எண்ணம். நிர்வாகத்தில் பாதிப் பேருக்கு இதில் உடன்பாடு இல்லை.

அந்த இலக்கத்தை அணிந்தவரை இங்கே அண்ணா என்றே எழுதுகிறேன். பெயர் போட்டால் அவருக்குப் பிடிக்காது. 1980களின் கடைசியிலிருந்து 2009 வரை பின்வரிசையின் நடுவில் 4ஆம் இலக்கத்துடன் நின்றவர். உயரமானவர் அல்லர். மாவட்ட அணிக்கு ஒருமுறைகூடத் தெரிவாகவில்லை. அவர் அடித்த கோல்களை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். எதிர்ப்பவர்கள் கேட்பதும் இதைத்தான்: அவர் அப்படி என்ன சாதித்தார்?

எங்கள் ஊர் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில் இருக்கிறது. 1990 ஜூனில் போரால் ஊரே இடம்பெயர்ந்தது. சனங்கள் சைக்கிளில் அரிசியையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போனபோது, அண்ணாவின் சைக்கிள் கரியரில் கழகத்தின் ஜேர்சிப் பையும் கூட்டக் குறிப்புப் புத்தகமும் இருந்தன. 1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோதும் அந்தப் பை அவருடைய தோளில் இருந்தது. எனக்கு அப்போது 12 வயது. சாவகச்சேரியில் நாங்கள் தங்கியிருந்த பாடசாலைக்குப் பின்னால் ஒரு வளவு. போய்ச் சேர்ந்து இரண்டு கிழமைகூட ஆகியிருக்காது. அண்ணா வந்து எங்கள் ஊர்ப் பெடியன்களைத் தேடித் தேடிக் கூட்டினார். ஒன்பது பேர் சேர்ந்தோம். “பதினொரு பேர் வரும் வரை ஒன்பது பேராக விளையாடுவோம்” என்றார். மைதானமும் இல்லாமல், ஊரும் இல்லாமல், 19 வருடம் அந்தக் கழகத்தின் பெயர் சுற்றுப்போட்டிப் பட்டியல்களில் இருந்தது என்றால் அது அவரால்தான்.

அந்தப் பழைய ஜேர்சி இப்போது என் மேசையில் இருக்கிறது. நீலம் வெளிறிச் சாம்பலாகிவிட்டது. முதுகில் இருக்கும் 4 கோதுமை மா மூடைத் துணியில் வெட்டித் தைத்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் வேறு வெள்ளைத் துணிக்கு எங்கே போவது? கீழ் மூலையில் தையல் விட்டிருக்கிறது. அதைத் தூக்கிப் பார்த்தால் மூடையின் அச்செழுத்து மங்கலாகத் தெரிகிறது. சவர்க்காரம் இல்லாத நாட்களில் அவருடைய அம்மா பனம்பழம் போட்டுத் தோய்த்த ஜேர்சி இது.

உலகத்தில் பெரிய அணிகள் செய்வதை நாங்கள் செய்தால் என்ன? நாபோலி மரடோனாவின் 10ஐ 2000ஆம் ஆண்டில் நிறுத்தியது. அமெரிக்க பேஸ்போலில் ஜாக்கி ரொபின்சனின் 42ஐ எல்லா அணிகளுமே 1997இல் நிறுத்தின. கறுப்பின வீரர்களைச் சேர்க்காத நிறத்தடையை உடைத்து 1947 ஏப்ரல் 15 அன்று அவர் களமிறங்கி அப்போது சரியாக 50 வருடம். யாருடைய இலக்கம் இந்த மரியாதைக்குத் தகுதியானது? அதிகம் வென்றவனுடையதா, அணியைச் சாக விடாமல் வைத்திருந்தவனுடையதா? உங்கள் கருத்தை வெள்ளிக்கு முன் சொல்லுங்கள்.

பத்தாம் இலக்கம்:

செயலாளர் அண்ணா, நீங்கள் எழுதியதை வாசித்து நெஞ்சு கனத்தது. ஆனாலும் நான் எதிர்ப்பேன். இலக்கத்தை நிறுத்துவது ஆட்டத்துக்குக் கொடுக்கும் பரிசு. இன்னொருவன் அதை அணிந்தால் பார்ப்பவனுக்கு உறுத்த வேண்டும். 2017 ஓகஸ்டில் கொழும்பில் எங்கள் இலங்கைக் கிரிக்கெட் அணிக்கு எதிராக ஷர்துல் தாக்கூர் தன் முதல் ஒருநாள் போட்டிக்கு 10ஆம் இலக்கத்துடன் இறங்கியபோது இந்திய ரசிகர்கள் எவ்வளவு கொதித்தார்கள் என்று நினைவிருக்கும். சச்சின் அந்த இலக்கத்துடன் கடைசியாக ஆடியது 2012இல். ஐந்து வருடத்துக்குப் பிறகும் மக்கள் கண்ணுக்கு அது அவருடைய சட்டைதான். தாக்கூர் பிறகு 54க்கு மாறிவிட்டார். டோனியின் 7உம் இப்போது யாருக்கும் இல்லை. அந்த அளவுக்கு உயர்ந்தவர்களுக்கு மட்டும் செய்தால்தான் இதற்கு மதிப்பு. நல்ல மனிதர்கள் எல்லாக் கழகத்திலும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் நிறுத்தினால் விளையாடுகிறவன் எதை அணிவான்?

முரளியின் விடயத்தையும் யோசித்துப் பாருங்கள். டெஸ்ட் சட்டையின் முதுகில் இலக்கம் வந்ததே 2019இல். அவருடைய 800 விக்கெட்டும் இலக்கம் இல்லாத வெள்ளைச் சட்டையில் எடுத்தவை. 1996 உலகக் கிண்ணத்தில் எங்கள் ஆட்கள் அணிந்த சட்டைகளிலும் பெயர்தான் இருந்தது, இலக்கம் இல்லை. அவர்களை யாராவது மறந்துவிட்டார்களா?

வலைப்பந்துக்காரி:

பத்தாம் இலக்கத் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். “உயர்ந்தவர்களுக்கு மட்டும்” என்கிறீர்கள். எங்கள் மண்ணிலிருந்து போனவர்களில் உயர்ந்தவர் யார் என்று கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன்: ஈவினையில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம். 208 சென்ரிமீற்றர் உயரம். 2019இல் லிவர்பூலில் நடந்த வலைப்பந்தாட்ட உலகக் கிண்ணத்தில் 348 கோல்கள். அந்தத் தொடரில் வேறு எந்த நாட்டு வீராங்கனையும் அவ்வளவு போடவில்லை. அவருக்கு நிறுத்தி வைக்க ஓர் இலக்கம் இருக்கிறதா? இல்லை. வலைப்பந்தாட்டத்தில் எல்லோரும் அணிவது நிற்கும் இடத்தின் எழுத்து. அவர் அணிந்தது கோல் போடுபவருக்குரிய “ஜி.எஸ்.”. அதை நிறுத்தினால் கோல் போடவே ஆள் இருக்காது.

நான் பாடசாலை அணியில் ஆடிய காலத்தில் எங்களிடம் ஒரேயொரு தொகுதி எழுத்துத் துணி இருந்தது. “சி” துணியின் நாடா அறுந்துபோய் ஊசி குத்தித்தான் போடுவோம். எனக்கு முன் அதைப் போட்ட அக்கா இடைவேளையில் தன் தோளிலிருந்து கழற்றி என் தோளில் குத்திவிட்டது இன்றைக்கும் உடம்பில் இருக்கிறது. அந்த ஊசியின் குளிர்ச்சிகூட. ஒரு துணியை ஒருவர் கையிலிருந்து வாங்குவது சின்ன விடயம் அல்ல. அண்ணாவின் 4ஐ அலுமாரிக்குள் வைத்துவிட்டால் அந்த அனுபவம் இனி உங்கள் பெடியன்கள் ஒருவருக்கும் கிடைக்காது. அதை யோசியுங்கள்.

கழகச் செயலாளர்:

அக்கா, ஊசி பற்றி எழுதியது என்னை அசைத்துவிட்டது. தம்பி, எல்லாக் கழகத்திலும் நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். இரண்டு இடப்பெயர்விலும் பையைத் தூக்கியவர் எங்களிடம் ஒருவர்தான் இருந்தார்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:

பிள்ளைகள், நான் 30 வருடம் விளையாட்டுப் பொறுப்பாசிரியராக இருந்தவன். மெய்வல்லுநர் போட்டியில் இலக்கம் நெஞ்சில் குத்தும் வெறும் கடதாசி. போட்டிக்குப் போட்டி மாறும். யாழ். மத்திய கல்லூரியின் பழைய மாணவர் எதிர்வீரசிங்கம் 1958இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்தலில் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அவர் குத்தியிருந்த இலக்கம் யாருக்கும் நினைவில்லை, தேவையும் இல்லை.

உதைபந்தாட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2002 உலகக் கிண்ணத்துக்கு ஆர்ஜென்ரீனா மரடோனாவின் 10ஐ விட்டுவிட்டுப் பட்டியல் கொடுத்தது. 1 முதல் 23 வரை எல்லா இலக்கமும் இருக்க வேண்டும் என்று பீஃபா மறுத்துவிட்டது. ஓர்டேகாதான் 10ஐ அணிந்தார். நீங்கள் ஆடும் சுற்றுப்போட்டிகளின் விதியையும் ஒருமுறை பாருங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி. இவ்வளவு எழுதினீர்கள், அந்த மனிதரிடம் கேட்டீர்களா?

ரொறன்ரோவிலிருந்து:

வாத்தியாரின் கேள்விக்குப் பொருத்தமான கதை எங்கள் நகரத்திலேயே இருக்கிறது. இங்குள்ள பனி ஹொக்கி அணி மேப்பிள் லீஃப்ஸ். அந்த விளையாட்டில் முதன்முதலாக ஓர் இலக்கத்தை நிறுத்தியவர்கள் இவர்கள்தான், 1934இல். ஏஸ் பெய்லி என்ற வீரரை எதிரணிக்காரர் பின்னாலிருந்து மோதி விழுத்தியதில் மண்டை உடைந்து, உயிர் தப்பியதே பெரிய காரியம். மறுபடி அவரால் ஆட முடியவில்லை. அவருடைய 6ஐ நிறுத்தினார்கள். அடுத்தது பில் பரில்கோவின் 5. 1951இல் கிண்ணத்தை வென்ற கோலை அடித்துவிட்டு, அதே கோடையில் சிறு விமானத்தில் போனவர் காணாமல் போனார். 1962இல்தான் விமானத்தையும் உடலையும் கண்டெடுத்தார்கள்.

2016 வரை இந்த அணி முற்றாக நிறுத்தி வைத்தது இந்த இரண்டு இலக்கங்களை மட்டும்தான். மற்றப் பெரிய வீரர்களுக்கு அரங்கில் பதாகை தொங்கும், இலக்கத்தைப் புதியவர்கள் அணிவார்கள். அதாவது இவர்கள் நிறுத்தியது அதிகம் வென்றவர்களுடையதை அல்ல. ஆட்டம் பாதியில் அறுந்துபோனவர்களுடையதை. கிரிக்கெட்டில் பந்து பட்டு இறந்த பிலிப் ஹியூஸின் 64ஐ அவுஸ்திரேலியா 2014இல் நிறுத்தியதும் அப்படித்தான்.

இனித்தான் முக்கியமான இடம். 1968இல் பெய்லி உயிரோடு இருந்தார். ரொன் எலிஸ் என்ற இளம் வீரரின் ஆட்டமும் நடத்தையும் அவருக்குப் பிடித்துப்போயின. என் 6ஐ அவருக்குக் கொடுங்கள் என்று பெய்லியே அணியிடம் கேட்டார். 34 வருடம் நிறுத்தி வைத்திருந்த இலக்கத்துடன் எலிஸ் ஆடினார். அவர் ஓய்வு பெற்ற பிறகு மறுபடி எடுத்து வைத்துவிட்டார்கள்.

கழகச் செயலாளர்:

வாத்தியார் ஐயா, நீங்கள் கேட்டது சரியான கேள்வி. நேற்று மாலை அண்ணாவின் வீட்டுக்குப் போனேன். மேசையில் இருந்த ஜேர்சியையும் கொண்டுபோனேன். விறாந்தையில் வாங்கில் இருந்து, மடியில் விரித்து, தையல் விட்ட மூலையைப் பெருவிரலால் அழுத்தி அழுத்திச் சரிசெய்தார். நான் விடயத்தைச் சொன்னேன். கனநேரம் ஒன்றும் பேசவில்லை.

பிறகு சொன்னார்: “இது என்னுடைய இலக்கம் இல்லைத் தம்பி.”

அவருக்கு முன் 4ஐ அணிந்தவர் ஒருவர் இருந்தாராம். பந்தைப் பார்க்காதே, அடிப்பவனின் இடுப்பைப் பார் என்று அண்ணாவுக்குச் சொல்லிக் கொடுத்தவர். 1990இல் வெளிக்கிட்ட அன்று ஜேர்சிப் பையை அண்ணாவின் கரியரில் கட்டிவிட்டவரும் அவரே. “பையைப் பார்த்துக்கொள்” என்றாராம். அடுத்த வருடம் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. மா மூடைத் துணியில் 4 வெட்டியபோது அவருடைய பழைய ஜேர்சியின் மேல் வைத்து அளவெடுத்துத்தான் வெட்டினார்களாம். 30 வருடத்துக்கு மேலாக அண்ணாவுடன் பழகுகிறேன், இது எனக்குத் தெரியாது. கழகத்தின் குறிப்புப் புத்தகத்திலும் இல்லை.

ரொறன்ரோக்காரர் எழுதிய பெய்லியின் கதையைச் சொன்னேன். அதைக் கவனமாகக் கேட்டார். “இப்போது நடுவில் நிற்பது யார்?” என்று மட்டும் கேட்டார். மீள்குடியேறி வந்த குடும்பத்துப் பெடியன் ஒருவன், 17 வயது. இன்று காலை அவனை அழைத்துக்கொண்டு போனேன். இலக்கத்தைப் பற்றி அண்ணா ஒரு வார்த்தை பேசவில்லை. முற்றத்தில் அவனை நிறுத்தி, தோளைப் பிடித்துக் கொஞ்சம் திருப்பிவிட்டு, இப்படி நின்றால் இரண்டு பக்கமும் போகலாம் என்று காட்டினார். அரை மணித்தியாலம் அதுதான் நடந்தது. வெளிக்கிடும்போது பழைய ஜேர்சியை என்னிடம் தந்து, சனசமூக நிலையத்தில் வைக்கச் சொன்னார். தன் பெயரை எழுத வேண்டாம், மற்றவருடைய பெயரை எழுது என்றார். இரண்டு பெயரையும் எழுதுவேன். இதில் அவருடைய பேச்சைக் கேட்கப் போவதில்லை.

என் மனம் இன்னும் முழுதாக மாறவில்லை. 42ஐ நிறுத்தியது சரி, 64ஐ நிறுத்தியது சரி, எங்கள் 4க்கும் அந்தத் தகுதி இருந்தது என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் கேட்க வேண்டியவரைக் கேட்டாயிற்று. பட்டியலில் 4க்கு நேரே “மீடியம்” என்று எழுதி அச்சுக் கடைக்கு அனுப்பிவிட்டேன்.