கீறாத ஆட்டு இதயம்

கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். உடல் உறுப்புகள் பாடம் வந்தால் நேரே கறிக்கடைதான். "பாடத்துக்குங்களா டீச்சர்? அப்ப கீறாமத் தர்றேனுங்க" என்பார் பாய். இதயத்தின் மேல்குழாயை ஒட்ட நறுக்காமல், நுரையீரலை மூச்சுக்குழாயோடு சேர்த்துத் தருவார். அந்தக் குழாய்கள் இல்லாவிட்டால் பாதிப் பாடம் போச்சு.

மூச்சுக்குழாய்க்குள் ரப்பர் டியூபை விட்டுக் கட்டி, சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்றடிப்போம். துவண்டு கிடந்த நுரையீரல் வெளிர் சிவப்பாக உப்பி எழும். விட்டதும் தானே சுருங்கிவிடும். "அப்போ ஆட்டுக்கு யாரு டீச்சர் பம்ப் அடிக்கிறது?" என்று கேட்டாள் மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒருத்தி. எவ்வளவு அருமையான கேள்வி! நுரையீரலுக்குச் சொந்தமாக விரியத் தெரியாது. அதற்கடியில் உதரவிதானம் என்றொரு தசை இருக்கிறது. அது கீழே இறங்கும்போது நெஞ்சுக்கூட்டுக்குள் இடம் பெரிதாகும், வெளிக்காற்று உள்ளே புகும். விலா எலும்புக்குக் கீழே கையை வைத்து மூச்சிழுக்கச் சொன்னேன். வயிறு முன்னே வருவதை ஒவ்வொருவரும் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

அப்புறம் இதயம். ரத்தத்தை உடம்புக்குக் கொண்டுபோகும் மேல்குழாயான பெருந்தமனிக்குள் தண்ணீர் ஊற்றினால் சட்டென்று இறங்காது, தேங்கி நிற்கும். உள்ளே மூன்று மெல்லிய மடல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வழியை அடைத்துக்கொள்கின்றன. வெளியே போன ரத்தம் திரும்பி வராமல் தடுப்பது இவைதான். லப்-டப் சத்தத்தில் அந்த 'டப்', இந்த மாதிரி மடல்கள் மூடும்போது வருவது. பிறகு குறுக்கே வெட்டிக் காட்டுவேன். இடப்பக்கச் சுவர் வலப்பக்கத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு தடிமன். வலது பக்கம் பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்கு அனுப்பினால் போதும், இடது பக்கம் உச்சந்தலை முதல் கால்விரல் வரை தள்ள வேண்டுமே. உள்ளே வெள்ளை நூல்போல வால்வுகளைப் பிடித்திருக்கும் இழைகளைப் பையன்கள் இழுத்துப் பார்ப்பார்கள். லேசில் அறாது.

இரைப்பையை மட்டும் நான் வாங்குவதில்லை. ஆட்டுக்கு நான்கு அறை, நமக்கு ஒன்று. சின்னப் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள். குடலுக்குக் கயிறே போதும். பெரியவர்களின் சிறுகுடல் சுமார் 6 மீட்டர் என்று அளந்து வராந்தாவில் நீட்டிக் காட்டிவிடலாம்.

செய்து பார்க்க நினைப்பவர்கள் சைவ வீட்டுப் பிள்ளைகளின் பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். முடிந்ததும் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.