தோட்ட ஆபிஸ் கிராணிகளுக்கு (எழுத்தர்களுக்கு) வீட்டிலிருந்து வேலை: எப்படிப் பிரிப்பது?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்ட ஆபிஸ். ஆறு கிராணிகளில் மூவர் வீட்டிலிருந்து வேலை செய்யக் கேட்கிறார்கள். மற்ற மூவருக்கு ஆபிஸ்தான் வசதி. மனக்குறை வராமல் எப்படிப் பிரிப்பது?

பதில் 1: முதலில் எழுத்தில் விண்ணப்பம் வாங்குங்கள், அண்ணே. 1955 வேலைச் சட்டத்தில், வேலை இடத்தையோ நேரத்தையோ மாற்றக் கேட்பது பற்றிய 60பி (60P), 60கியூ (60Q) பிரிவுகள் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கின்றன. 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தரணும். மறுத்தால் காரணமும் எழுதணும்.

பதில் 2: ஆளைப் பிரிக்காதீர்கள், வேலையைப் பிரியுங்கள். காலைப் பெரட்டு (ஆட்களின் வரவுக் கணக்கெடுப்பு), லாரி எடை, ஸ்டோர் சாமான் நேரில்தான். செக்ரோல் (வேலை நாள், சம்பளப் பதிவேடு) பதிவு, இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) கணக்கு வீட்டில் முடியும். சம்பளம், மாதம் முடிந்து 7 நாளுக்குள் போய்ச் சேரணும். அதனால் 1 முதல் 7 வரை எல்லாரும் ஆபிஸில். இபிஎஃப் கெடு 15ஆம் தேதி. அதை வீட்டிலேயே பார்க்கலாம். மண்டோரின் (வேலை மேற்பார்வையாளரின்) செக்ரோல் தாள் மட்டும் ஆபிஸை விட்டுப் போகக்கூடாது. ஸ்கேன் செய்து அனுப்புங்கள். அசல் தொலைந்தால் தொழிலாளியின் வேலை நாளுக்கே சாட்சி இருக்காது.

பதில் 3: ஒன்று விட்டுப்போச்சு. ஆபிஸில் இருப்பவர் தலையில்தான் கவுண்டர், போன் எல்லாம் விழும். மனக்குறை அங்கேதான் கிளம்பும். கவுண்டருக்கு ஆறு பேரையும் முறை வைத்து மாற்றுங்கள்.