முள்ளை மட்டும் மாற்றினேன், தட்டின் கடைசிப் பாட்டு தெளிந்துவிட்டது

இசைத்தட்டு ஓட்டும் கருவியில் முள்ளைத் தாங்கி, அதன் அசைவை ஒலிக்கான மின்சாரமாக்கும் சின்னப் பகுதிதான் கார்ட்ரிட்ஜ். என்னிடம் இருப்பது ஆடியோ-டெக்னிகா விஎம்95இ கார்ட்ரிட்ஜ். அதோடு வந்த நீள்வட்ட முள் தேய்ந்ததும், திரும்பவும் அதையே வாங்காமல், முனை இன்னும் மெல்லிதான மைக்ரோலீனியர் முள்ளை வாங்கிப் போட்டேன். இந்த வரிசையில் எந்த முள்ளும் எந்தக் கார்ட்ரிட்ஜிலும் பொருந்தும். பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினால் போதும், திருகாணியைத் தொடவே வேண்டாம்.

முதல் பாட்டில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கொஞ்சம் தெளிவு கூடியது, அவ்வளவுதான். லேபிளை ஒட்டி வரும் கடைசிப் பாட்டில்தான் அசந்துபோனேன். குரல் மேலே ஏறும் இடங்களில் ‘ஸ’, ‘ஷ’ எல்லாம் இத்தனை நாள் சீறிக்கொண்டு வரும். ரெக்கார்டிங்கே அப்படித்தான் என்று விட்டிருந்தேன். புதிய முள்ளில் அந்தச் சீறல் போய், பின்னணி வயலின்கள் தனித்தனியாகக் காதில் விழுந்தன.

காரணம் எளிய கணக்கு. எல்பி என்னும் நீண்ட நேர இசைத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது. வெளி விளிம்பில் முள்ளுக்கு அடியில் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. தடம் ஓடும், உள்ளே லேபிள் அருகில் சுமார் 21 செ.மீ.தான். அப்படியானால் 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை வெளியே 51 மைக்ரான் நீளத்தில் விரிந்து கிடக்கிறது, உள்ளே அதே அலை 21 மைக்ரானுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறது. சாதாரணக் கூம்பு முள்ளின் முனை ஆரம் 15 முதல் 18 மைக்ரான். அவ்வளவு நெருக்கமான நெளிவுக்குள் அது இறங்கவே முடியாது, மேலோடு உரசிக்கொண்டு போய்விடும். நீள்வட்ட முள்ளின் குறுகிய பக்கம் சுமார் 8 மைக்ரான். மைக்ரோலீனியர் அதைவிடவும் மெல்லியது. அதோடு, தடத்தின் சுவரை ஒரு புள்ளியில் அழுத்தாமல் மேலிருந்து கீழாக நீளவாக்கில் தொடுவதால் சீக்கிரம் தேய்வதில்லை. தயாரிப்பாளர் கணக்கில் நீள்வட்டத்துக்கு 300 மணி நேரம், இதற்கு 1000.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூவிங் மேக்னெட், அதாவது முள்ளோடு சேர்ந்து காந்தம் அசையும் வகைக் கார்ட்ரிட்ஜில் முள்ளை மாற்றுவது என்றால் அதன் முனையிலுள்ள வைரத்தை மட்டும் மாற்றுவது இல்லை. வைரத்தைத் தாங்கும் கான்டிலீவர் என்ற மெல்லிய தண்டு, அதன் மறுமுனையில் உள்ள காந்தம், அசைவைக் கட்டுப்படுத்தும் ரப்பர் எல்லாமே அந்தச் சின்னப் பிளாஸ்டிக் துண்டோடு சேர்ந்து வந்துவிடும். கார்ட்ரிட்ஜின் உடம்பில் மிஞ்சுவது முக்கியமாக, காந்தத்தின் அசைவை மின்சாரமாக்கும் கம்பிச் சுருள்தான். ஒலி மாறாமல் இருந்தால்தான் ஆச்சரியம்!

*

மேலே எழுதியவர் சொன்ன காந்த விஷயத்தை நான் நேரிலேயே பார்த்தேன். என் பழைய கார்ட்ரிட்ஜுக்கு அசல் முள் இப்போது வருவதில்லை, வேறொரு நிறுவனம் செய்த மாற்று முள்தான் கிடைத்தது. மாட்டியதும் சத்தம் பொதுவாகவே குறைந்தது, அதிலும் இடப்பக்கம் இன்னும் குறைவு. நடுவில் நிற்க வேண்டிய குரல் வலப்பக்கம் சாய்ந்து நின்றது. வயர், ஆம்ப் எல்லாம் சோதித்த பிறகு பழைய முள்ளைத் திரும்பப் போட்டேன், குரல் நடுவுக்கு வந்துவிட்டது. ஆக, காந்தம் வலுக் குறைந்தது, இருக்க வேண்டிய இடத்திலும் இல்லை. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு தயாரிப்பு வாங்கினேன். அது நன்றாகவே பாடுகிறது. மாற்று முள் என்றாலே மட்டம் என்று ஒதுக்க வேண்டாம், ஆனால் ஹெட்போனில் ஒரு மோனோ தட்டை, அதாவது இரு பக்கமும் ஒரே ஒலி வரும் தட்டைப் போட்டுக் கேட்டுப் பார்த்துவிடுங்கள். குரல் நட்டநடுவில் நிற்க வேண்டும்.

*

மேலே இருவர் எழுதியதையும் படித்தேன். முதலில் எழுதியவருக்கு ஒரு வார்த்தை. தேய்ந்த முள்ளையும் புத்தம் புது முள்ளையும் ஒப்பிட்டிருக்கிறீர்கள். அந்த முன்னேற்றத்தில் பாதி, புதிய நீள்வட்டம் போட்டிருந்தாலும் கிடைத்திருக்கும் என்பது என் எண்ணம். மீதிப் பாதி முனையின் வடிவத்தால் வந்ததுதான், அதில் சந்தேகமில்லை.

மெல்லிய முனை கண்டிப்பானதும்கூட. கார்ட்ரிட்ஜ் இம்மி கோணலாக இருந்தாலும் கூம்பு முள் பொறுத்துக்கொள்ளும், இது பொறுக்காது. முள் மாற்றியதும் புரொட்ராக்டர் என்ற கோண அளவுத் தகட்டை வைத்துக் கோணத்தையும், சின்னத் தராசில் முள்ளின் அழுத்தத்தையும் பாருங்கள். விஎம்95இ, அதன் மைக்ரோலீனியர் இரண்டுக்கும் 2 கிராம். அப்புறம், மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒரே பாட்டைக் கணினியில் பதிந்துவையுங்கள். காது சீக்கிரம் பழகிவிடும், அதன் ஞாபகத்தை நம்ப முடியாது.

எனக்குப் பெரிய மாற்றம் தெரிந்தது எல்பியில் இல்லை, 78 சுற்று அரக்குத் தட்டுகளில். அவற்றின் தடம் அகலமானது, கிட்டத்தட்ட 76 மைக்ரான் ஆரமுள்ள முள் வேண்டும். எல்பி முள் அந்தத் தடத்தின் அடியில் போய் விழுந்து, அங்கே சேர்ந்த அழுக்கையும் கீறலையும் சேர்த்து வாசிக்கும். அதே விஎம்95 உடம்பில் 78க்கான முள்ளை மாட்டி, அதற்குரிய 5 கிராம் அழுத்தம் வைத்து ஓட்டினேன். இரைச்சல் முழுவதும் போகவில்லை, போகவும் போகாது. ஆனால் பாடகர் மூச்சு இழுக்கும் இடம்கூடக் கேட்டது. அரக்குத் தட்டு வைத்திருப்பவர்கள் வேறு எதற்கும் செலவழிக்கும் முன் இந்த முள்ளை வாங்குங்கள்.