ஈஜேயு தேர்வு: பிளஸ் டூ முடித்து ஜப்பானில் மெக்கானிக்கல் படிக்க எப்படித் தயாராவது?

கோவை_மாணவன்:
வணக்கம். மேத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப், ஸ்டேட் போர்டு. வர்ற மார்ச்சில் பொதுத்தேர்வு. ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜேஎல்பிடில என்4 (கீழிருந்து ரெண்டாவது நிலை, என்1தான் உச்சம்) பாஸ். ஜப்பான்ல தேசியப் பல்கலைக்கழகம் ஒண்ணுல மெக்கானிக்கல் சேரணும்னு ஆசை. அதுக்கு ஈஜேயு (வெளிநாட்டு மாணவர்களுக்கான ஜப்பான் பல்கலைக்கழகச் சேர்க்கைத் தேர்வு) எழுதணுமாம். ஜேஇஇ புத்தகங்களை வச்சே படிக்கலாமா? ஜூன் தேர்வா, நவம்பரா? ஆங்கிலத்துல எழுதலாமா?

கட்டத்தாள்:
முதல்ல தேதி. ஜூன் தேர்வுக்கு விண்ணப்பம் பிப்ரவரி, மார்ச்சிலயே முடிஞ்சிடும். பொதுத்தேர்வு மும்முரத்துல அதைக் கோட்டை விடுறவங்க நிறைய. நவம்பர் தேர்வுக்கு ஜூலையில் விண்ணப்பிக்கணும். ஜப்பான்ல கல்வியாண்டு ஏப்ரல்ல தொடங்குது, அதனால உங்களுக்கு எப்படியும் அடுத்த வருஷ ஏப்ரல்தான். நவம்பரைக் குறி வைங்க. அந்த இடைவெளி முழுக்க ஜப்பானிய மொழிக்கு வேணும். இந்தியாவில் தேர்வு மையம் டெல்லி, ரயில் டிக்கெட்டையும் கணக்குல வைங்க.

இன்ஜினியரிங்குக்கு வழக்கமா கேக்குறது ஜப்பானிய மொழி, கணிதம் கோர்ஸ் 2 (கணிதம் அதிகம் தேவைப்படுற துறைகளுக்கான தாள்), அறிவியல்ல இயற்பியலும் வேதியியலும். கணிதம் 80 நிமிஷம், 200 மதிப்பெண். ஜேஇஇ அளவுக்குக் கடினம் இல்லை, ஆனா பாடத்திட்டம் வேற. பிளஸ் டூவில் வர்ற அணிகள், நேர்மாறு முக்கோணவியல், வகைக்கெழுச் சமன்பாடுகள் இதுல கிடையாது. பத்தாம் வகுப்போட மறந்து போனது திரும்ப வரும்: யூக்ளிடின் வகுத்தல் வழிமுறை, சீவா தேற்றம், மெனலாஸ் தேற்றம், வட்டத்தின் நாண்-தொடுகோடு. அந்தப் பழைய புத்தகத்தைத் தேடி எடுங்க. தொடர்களில் ஒரு உறுப்பை முந்தைய உறுப்பால் சொல்லும் தொடர்பு கொடுத்து பொது உறுப்பைக் கேக்குறது அடிக்கடி வரும், அதைத் தனியா பழகணும்.

மார்க் பறிபோறது பெரும்பாலும் விடையை நிரப்புறதுலதான். கணிதத்துல பெரும்பாலும் நாலு விடை கொடுத்து ஒண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல மாட்டாங்க. விடையில் எழுத்திட்ட கட்டங்கள் இருக்கும், ஒவ்வொரு கட்டத்துக்கும் 0 முதல் 9 வரை ஒரு இலக்கமோ கழித்தல் குறியோ விடைத்தாள்ல நிரப்பணும். மேலே 'ஏ, வர்க்கமூலம் பி', கீழே 'சி'ன்னு கட்டம் இருக்குன்னு வைங்க. உங்க விடை கழித்தல் 2-இன் கீழ் ரூட் 6. அப்படியே விட்டா கட்டத்துல உட்காராது. கீழிருக்கிற ரூட்டை நீக்கி, சுருக்கி, கழித்தல் ரூட் 6-இன் கீழ் 3 ஆக்கணும். ஏ-யில் கழித்தல் குறி, பி-யில் 6, சி-யில் 3. கழித்தல் குறி எப்பவும் தொகுதியிலதான். பின்னம் கடைசி வரை சுருங்கியிருக்கணும், ரூட் 32-ஐ 4 ரூட் 2-ன்னுதான் எழுதணும். எக்ஸுக்கு முன்னாடி ரெண்டு கட்டம் இருந்து விடை வெறும் கழித்தல் எக்ஸ்னா, கழித்தல் குறி, 1 ரெண்டையும் நிரப்பணும். இதுல ஒரு லாபமும் உண்டு: ஒரே கட்டம் இருக்க, உங்களுக்கு 12 வந்தா எங்கயோ தப்புன்னு அங்கேயே தெரிஞ்சிடும்.

இன்னொண்ணு. விடைத்தாள்ல கோர்ஸ் 1-ஆ கோர்ஸ் 2-ஆன்னு காட்டுற வட்டத்தை நிரப்பாம விட்டா அந்தத் தாளைத் திருத்தவே மாட்டாங்க. அறிவியல்லயும் இதே கதை. ஒரு பாடம் முன்பக்கம், இன்னொண்ணு பின்பக்கம், ரெண்டு பக்கமும் பாடத்தின் பெயர் வட்டத்தை நிரப்பணும்.

அறிவியல் ரெண்டு பாடத்துக்கும் சேர்த்து 80 நிமிஷம். பாடத்துக்குச் சுமார் 20 கேள்வி, ஆக ஒரு கேள்விக்கு ரெண்டு நிமிஷம். இயற்பியலுக்கு நுண்கணிதம் பெரிசா தேவைப்படாது. வேதியியல்ல கனிம வேதியியலை ஒதுக்கிடாதீங்க. வீழ்படிவின் நிறம், எந்த வினையில் எந்த வாயு, இதெல்லாம் பார்த்த உடனே சொல்ற அளவுக்கு இருந்தா மிச்ச நேரம் கணக்குகளுக்குக் கிடைக்கும்.

மாலைத்தென்றல்:
ஆங்கிலம் பற்றிக் கேட்டீர்கள். கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் எழுதலாம். விண்ணப்பிக்கும்போதே மொழியைச் சொல்லிவிட வேண்டும், தேர்வு நாளில் மாற்ற முடியாது. ஆனால் சில பல்கலைக்கழகங்கள் ஜப்பானிய மொழித் தாளை மட்டுமே ஏற்கின்றன. அதோடு பல தேசியப் பல்கலைக்கழகங்கள் ஈஜேயுவுக்கு மேல் சொந்தமாக எழுத்துத் தேர்வும் நேர்காணலும் வைக்கின்றன. அவை ஜப்பானிய மொழியில் என்றால் ஈஜேயுவை ஆங்கிலத்தில் எழுதித் தப்பிப்பதில் பெரிய பயன் இல்லை. குறி வைக்கும் நான்கைந்து இடங்களின் சேர்க்கைக் கையேட்டை இறக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். டோஃபல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கேட்கிறார்களா என்பதும் அதில்தான் இருக்கும்.

ஜப்பானிய மொழித் தாள் 125 நிமிடம்: எழுத்து 30, வாசிப்பு 40, மீதி 55 கேட்டல். என்4 இதற்குப் போதாது, என்2 அளவாவது வேண்டும். ஜேஎல்பிடி போல இலக்கணத்துக்கும் சொல்லுக்கும் தனிப் பகுதி இல்லை என்பதால் அட்டை வைத்து மனப்பாடம் செய்வது ஓரளவுக்கே உதவும். கேட்டலில் ஒரு பாதி, படத்தையோ அட்டவணையையோ பார்த்துக்கொண்டே பேராசிரியர் பேசுவதைக் கேட்டு விடை சொல்வது. ஒலிப்பதிவு ஒரே முறைதான். பேச்சு தொடங்குமுன் படத்தின் தலைப்பையும் அச்சுகளின் பெயரையும் படித்துவிடுங்கள். பேச்சோடு சேர்த்துப் படிக்க நினைத்தால் இரண்டும் போகும்.

எழுத்துப் பகுதிக்கு 50 மதிப்பெண். இரண்டு தலைப்பில் ஒன்றுக்கு 400 முதல் 500 எழுத்துகள், கட்டம் போட்ட தாளில். வாக்கியத்தை 'தேசு, மாசு' என்று முடிக்கும் மரியாதை நடையில் தொடங்கினால் அதிலேயே முடியுங்கள், நடுவில் 'தெஅரு' என்று முடியும் கட்டுரை நடைக்குத் தாவக் கூடாது. வாரம் இரண்டு எழுதி யாரிடமாவது திருத்தி வாங்குங்கள்.

யாழ்வாசி:
இலங்கையிலிருந்து பார்க்கிற ஆக்களுக்கும் சேர்த்துச் சொல்லுறன்: கொழும்பிலயும் ஈஜேயு மையம் இருக்கு. தம்பி, மெக்ஸ்ட் (ஜப்பான் கல்வி அமைச்சு) புலமைப்பரிசிலையும் பாருங்கோ. அது தூதரகம் ஊடாக நடக்கிறது, ஈஜேயு இல்லை, வேற பரீட்சை. உங்கட பிரிவுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம், ஜப்பானியம். கிடைச்சால் முதல் வருசம் மொழிப் படிப்பு, பிறகு நாலு வருசம் பட்டம். போட்டி கடுமை, அதை மட்டும் நம்பி இருக்காதேங்கோ. பழைய வினாத்தாள்கள் இணையத்தில இலவசமாக் கிடக்கு.

கோவை_மாணவன்:
ரொம்ப நன்றிங்க. பொதுத்தேர்வு முடியற வரைக்கும் ஜப்பானிய மொழியை நிறுத்தி வைக்கலாமா?

கட்டத்தாள்:
நிறுத்தாதீங்க, குறைச்சுக்கோங்க. தினம் 20 நிமிஷம் கேட்டல் மட்டும் போதும். ஏப்ரல்ல முழுநேரமா இறங்குங்க. ஜூலை ஜேஎல்பிடியை சென்னையிலேயே எழுதலாம், என்3-க்குப் போட்டுப் பாருங்க. அந்த ரிசல்ட்டுக்காகக் காத்திருந்து ஈஜேயு விண்ணப்பத்தைத் தள்ளிடாதீங்க, அதுவும் ஜூலைதான். செப்டம்பர்லேர்ந்து, ஈஜேயுவை நடத்துற ஜாஸ்ஸோ அமைப்போட தளத்துல இருக்கிற பழைய வினாத்தாளை விடைத்தாளோட பிரிண்ட் எடுத்து, கடிகாரம் வச்சு, பென்சிலாலயே நிரப்பிப் பழகுங்க.